புதுசாச் சேர்ந்த பிள்ளை

ஆமாக்கா, என் பொண்ணுதான்.

கேட்டதும் உடனே பதில் வரலைன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. "டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல மஞ்ச ரிப்பன் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே, அது உங்க பிள்ளையா?"ன்னு நீங்க சாதாரணமாத்தான் கேட்டீங்க. இதே மாதிரி ஒரு கேள்விக்குப் போன மாசம் நான் வேற பதிலச் சொல்லித் தொலைச்சுட்டேன். முகஜாடை தெரியுதுல்ல? மூக்கு அப்படியே உன் மூக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அந்த மூக்கை வச்சுக்கிட்டுத்தான் நான் அந்தப் பொய்யச் சொன்னேன்.

கூடைய இப்படித் தள்ளி வைங்கக்கா, இறங்குற ஆளு மிதிச்சுரும். என்னது, முருங்கக்காயா? மகளுக்கா? கொண்டு போங்க, கொண்டு போங்க. மக உங்கள என்னன்னு கூப்பிடும்? அம்மான்னுதான? இல்ல, சும்மா கேட்டேன்.

நான் டீச்சருக்கா. தேரிமேடு விலக்குல இறங்கி உள்ள நடந்தா ஒரு யூனியன் பள்ளிக்கூடம் வரும், அங்க ரெண்டாங் கிளாஸ். சங்கரேஸ்வரி டீச்சர்னு கேட்டா ஆடு மேய்க்கிறவங்க கூட வழி காட்டுவாங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். என் கிளாஸுக்கு வந்த பிள்ளை வாசிக்கத் தெரியாம மூணாங் கிளாஸ் போனதே இல்ல.

எப்படின்னு கேளுங்க. அ, ஆ எல்லாம் பிள்ளைங்க புடிச்சுக்கிடும். மாட்டிக்கிறது எங்கன்னா இந்தக் காலு, கொம்பு போட்ட எழுத்துலதான். கொம்ப முன்னாடி எழுது, ஆனா சத்தத்தப் பின்னாடி சொல்லுன்னா, ஏழு வயசுப் பிள்ளைக்கு மண்டைல எப்படி ஏறும்? அதனால நான் ஒடம்பையே எழுத்தாக்கிட்டேன். ஒத்தக் கொம்பு வந்தா தலைக்கு மேல ஒரு விரலு. ரெட்டைக் கொம்புக்கு ரெண்டு விரலு. காலு வந்தா ஒரு காலை வெளிய நீட்டணும். 'கோ' வந்துச்சுன்னா கொம்பும் வைக்கணும், காலையும் நீட்டணும், பாதிப் பேரு பொத்துனு விழுந்துருவாங்க. விழுந்து, சிரிச்சு, எந்திரிச்சா அந்த எழுத்து பெறகு மறக்கவே மறக்காது. பக்கத்துக் கிளாஸ்ல இருந்து எங்க எச்.எம். எட்வின் சாரு வந்து எட்டிப் பாப்பாரு, "என்ன டீச்சர், மாட்டுச் சந்தையா?"ம்பாரு. கேலிதான். ஆனா அவரு கிளாஸுக்குப் போற பிள்ளைங்க தினத்தந்திய வாசிக்குதுங்கள்ல, அதை என்ன சொல்லுவாரு?

உங்க பொண்ணும் அங்கதான படிக்குதுங்கிறீங்க. ம்ம். கேப்பீங்கன்னு தெரியும்.

இல்லக்கா. மிதுஷா டவுன்ல இங்கிலீஷ் மீடியம். வாசலுக்கே வேன் வரும். டை, பெல்ட்டு, ஷூ. நீங்களே சொல்லுங்க, எங்க தெருவுல எல்லாப் பிள்ளையும் வேன்ல போகும்போது இவ மட்டும் என் கையப் பிடிச்சுக்கிட்டு டவுன் பஸ்ல ஏறுனா நாலு பேரு என்ன பேசுவாங்க? எங்க வீட்டுக்காரரு கரண்ட் ஆபீஸ்ல இருக்காரு, அவருக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல. யாருதான் அனுப்பல? எங்க டீச்சருங்க பிள்ளையெல்லாம் எங்க படிக்குதுங்கிறீங்க? நான் மட்டுமா? என் கிளாஸ் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கதான், ஒரு குறை சொல்ல மாட்டேன். அதுங்க வேற, நம்ம பிள்ளை வேற, அம்புட்டுத்தான்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரி, இதையும் சொல்லிடுறேன். பள்ளிக்கூடம் திறக்குறதுக்கு முன்னாடி, பிள்ளை சேக்குறதுக்கு மேளம் அடிச்சுக்கிட்டு வீடு வீடாப் போவோம். நான்தான் முன்னால நின்னு பேசுவேன். "காசக் கொட்டி ஏன் தனியாருக்கு அனுப்புறீங்க, எங்கள நம்பி விடுங்க, உங்க பிள்ளை எங்க பிள்ளை"ன்னு. ஒரு வீட்டுல ஒரு பொம்பள அரிசி பொடைச்சுக்கிட்டே, "உங்க பிள்ளை எங்க படிக்குது டீச்சர்?"னு கேட்டுருச்சு. கேக்காத மாதிரி மேளக்காரரப் பாத்து, "நல்லாப் பலமா அடிங்கண்ணே"ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். அன்னிக்கு மேளம் காப்பாத்துச்சு.

போன மாசம் மேளம் இல்லக்கா.

மிது பள்ளிக்கூடத்துல கரஸ்பாண்டன்ட் வீட்டுல ஏதோ துக்கம்னு காலையில திடீர்னு லீவு விட்டுட்டாங்க. பாத்துக்கிற பக்கத்து வீட்டம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருச்சு. எங்க வீட்டுக்காரரோ, "எனக்கு லைன்ல வேலை, நீயே கூட்டிட்டுப் போ"ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டாரு. என்ன செய்ய? ஒரு கவுனைப் போட்டு, ஷூவ மாட்டி, கூட்டிட்டு வந்தேன். பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம். "டீச்சர் பாப்பா வந்துருச்சு, டீச்சர் பாப்பா வந்துருச்சு." காளீஸ்வரின்னு ஒரு பிள்ளை, என் கிளாஸ்லயே முதலா வாசிக்கிறது, தன் பாவாடையால பெஞ்சத் தொடச்சு மொத வரிசையில பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா.

அன்னிக்குப் பாத்து, சொல்லாமக் கொள்ளாம, பி.இ.ஓ. வந்து நிக்கிறாரு. அதாங்க்கா, எங்க வட்டாரத்துப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் பெரிய ஆபீஸரு. எட்வின் சாரு பயிற்சிக்குப் போயிட்டாரு, நான் மட்டும்தான் இருக்கேன். நல்ல மனுஷன், அதட்ட மாட்டாரு. வந்ததும், "உங்க வகுப்புல வாசிக்கத் தெரியாத பிள்ளையே இல்லையாமே டீச்சர், அதைக் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னாரு. எனக்குக் கால் தரையில நிக்கல.

இருந்தாலும் எனக்கு அவரு மேல ஒரு ஆத்தாமை இருக்குக்கா. அத்தனை பிள்ளைங்க இருக்கு. காளீஸ்வரியக் கேட்டிருக்கலாம். பின்னால வனராஜ் இருக்கான், மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும், ஆனா வாயத் திறந்தா தண்ணி மாதிரி வாசிப்பான். அவனக் கேட்டிருக்கலாம். இந்த மனுஷன் யாரக் கேக்கணும்? நல்லா உடுத்தி, ஷூ போட்டு, மொத வரிசையில பளிச்சுன்னு உக்காந்திருக்கிற பிள்ளையப் பாத்துப் புத்தகத்த நீட்டுனாரு. உடுப்பப் பாத்தாக்கா பிள்ளைய எடை போடுறது? என்ன அநியாயம்!

என்ன சிரிக்கிறீங்க?

மிது புத்தகத்தப் பாத்தா. 'கோழி'ன்னு பெருசாப் போட்டிருக்கு, படமும் இருக்கு. படத்துல கோழி கூட குஞ்சும் இருக்கா, இவளுக்குக் கோழியா குஞ்சான்னு தெரியல. எழுத்துத் தெரியல அவளுக்கு. தமிழ்ல எப்பவும் நல்ல மார்க்குத்தான் வாங்குவா, எல்லாம் பாத்து எழுதுறது, நெட்டுருப் போடுறது. நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டதோட சரி. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் கொம்பு வச்சு விட்டவ, வீட்டுல ஒரு நாளு அவ பக்கத்துல உக்காந்து, ஒரு வார்த்தை வாசிம்மான்னு கேட்டதில்ல. வெக்கமா இருக்குக்கா சொல்ல.

வாசிக்கத் தெரியாம அவ தலையத் தூக்கி என்னையப் பாத்தா. "அம்மா..."ன்னா.

"அம்மாவா?"ன்னு அவரு திரும்பி என்னப் பாக்குறாரு.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. என் பொண்ணுதான் சார்னு சொன்னா, பெறகு எங்க படிக்குதும்பாரு. ஊரெல்லாம் மேளம் அடிச்சவ மானம் போயிரும். என் கிளாஸ் பிள்ளைன்னு சொன்னா, வாசிக்கத் தெரியாத பிள்ளையே இல்லைங்கிற பேரு போயிரும். நான் சிரிச்சேங்க்கா. பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே, "சின்னப் பிள்ளைங்க சார், டீச்சரையும் அம்மான்னுதான் கூப்பிடுங்க. நேத்துத்தான் சேந்த பிள்ளை, இன்னும் பழகல"ன்னேன்.

நேத்து! எங்கருந்துதான் அந்த வார்த்தை வந்துச்சோ. அதோட விட்டிருக்கலாம்ல? விடல. அவ தாடையப் பிடிச்சு, கிளாஸ்ல மத்த பிள்ளைங்ககிட்டப் பேசுற அதே குரல்ல, "அம்மா இல்லம்மா, டீச்சர்னு சொல்லணும். எங்க சொல்லு, டீச்சர்"னேன்.

அவ என் மூஞ்சியவே பாத்தா. நான் சும்மாதான் சொல்றேனோன்னு பாத்தா போல. பெறகு, "டீச்சர்"னா. தெளிவாச் சொன்னாக்கா. தெளிவா.

அத்தனை பிள்ளைங்களுக்கும் தெரியும், அது டீச்சர் பாப்பான்னு. ஒண்ணு கூட வாயத் திறக்கல. எனக்காக. அப்ப இந்தக் காளீஸ்வரி எந்திரிச்சு, கையக் கட்டிக்கிட்டு, "ஆமா சார், புதுப் பிள்ளை. என் பக்கத்துலதான் உக்காரும்"னு சொல்லுது. அவரு போனதுக்கு அப்புறம் என்கிட்ட வந்து, "டீச்சர், நான் சொன்னது சரியா?"ன்னு கேக்குது. ஸ்லேட்டக் காட்டி மார்க்குக் கேக்குற மாதிரி கேக்குது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தலையத் தடவி, "சரிதான்"னேன். அன்னிக்கு அந்தப் பிள்ளை முன்னாடி என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

இதோட முடிஞ்சிருந்தாக் கூடப் பரவாயில்ல. கிளம்பும்போது பி.இ.ஓ.வுக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சு டீச்சர். ஒண்ணுமே தெரியாத புதுப் பிள்ளை. ஒரு மாசம் கழிச்சு வர்றேன், இந்தப் பிள்ளை வாசிக்கட்டும். உங்க முறைய வட்டாரம் பூரா எடுத்துச் சொல்றேன்"னுட்டு வண்டியில ஏறிட்டாரு. பேரு என்னம்மான்னு போகும்போது கேட்டு, "மிதுஷா, நல்ல பேரு"ன்னு வேற சொல்லிட்டுப் போறாரு.

ஒரு மாசம். இன்னிக்குத்தான் அந்த நாளு.

அன்னிக்குச் சாயங்காலம் பஸ்ல ஜன்னல் கம்பியில தலையச் சாய்ச்சுக்கிட்டே வந்தா. களைப்புன்னு நினைச்சேன். மறுநாள் காலையில வேன் வர்ற நேரம், "டீச்சர், என் சாக்ஸ் எங்க இருக்கு?"ன்னா. எங்க வீட்டுக்காரரு வாய்விட்டுச் சிரிச்சாரு, "அப்படிப் போடு, வீட்டுலயும் டீச்சரா"ன்னு. நானும் சிரிச்சேன். "டீச்சர், டிபன் பாக்ஸ்." "டீச்சர், தலை பின்னி விடுங்க." ங்க போட்டுப் பேசுறாக்கா. விளையாட்டுன்னு நினைச்சு ரெண்டு நாளு விட்டேன். பெறகு அதட்டுனேன். முதுகுல ஒண்ணு வச்சேன், பெத்தவ அடிக்கக் கூடாதா? அழுதுக்கிட்டே, "சரிங்க டீச்சர்"னா. பொம்மை வாங்கித் தர்றேன், அம்மான்னு கூப்பிடுன்னேன். பொம்மை வேண்டாமாம். அப்படி ஒரு பிடிவாதம். யாரு புத்தியோ தெரியல, எங்க மாமியார் வகையிலதான் இப்படி உண்டு.

எழுத்த நூறு தடவை சொன்னாலும் ஏறாத பிள்ளை. இதை நான் ஒரே தடவைதான் சொல்லிக்கொடுத்தேன்.

வீட்டுல வச்சுச் சொல்லிக்கொடுக்கப் பாத்தேன். நான் கொம்பு வச்சா அவ வைக்க மாட்டா. "எனக்கு வராது டீச்சர்"னு குனிஞ்சுக்குவா. வேற வழியில்லாம அவ பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு, அப்பப்ப என் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். எட்வின் சாருக்கு எல்லாம் தெரியும், "நீங்களாச்சு, உங்க மகளாச்சு டீச்சர்"னு ஒதுங்கிக்கிட்டாரு. அங்க வந்தா அவ வேற பிள்ளை! காளீஸ்வரி கூட மரத்தடியில நின்னு தலையில விரல வச்சுக்கிட்டு, காலை நீட்டிக்கிட்டு, பொத்துப் பொத்துனு விழுந்து எந்திரிக்கிறா. கவுனெல்லாம் மண்ணு. நான் பக்கத்துல போனா ரெண்டும் விரல இறக்கிட்டு நேரா நிக்குதுங்க. "வணக்கம் டீச்சர்."

பொய்க் காய்ச்சல் சொன்ன என் வாய்க்கு, பிள்ளைக்கு நெசக் காய்ச்சலே வந்துருச்சுக்கா. ஒடம்பு அனலாக் கொதிக்குது, கண்ணத் திறக்க முடியல. நெத்தியில ஈரத் துணி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். காய்ச்சல்லயாவது மறந்து வாயில வந்துராதான்னு காத்துக்கிட்டு இருந்தேன். உதடு அசையுது. குனிஞ்சு காத வைக்கிறேன். "டீச்சர், தண்ணி."

என் வயித்துல பிறந்த பிள்ளைக்கா. அடுப்படியில போயி நின்னு குழாயத் திறந்து விட்டுட்டு அழுதேன், எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டுறக் கூடாதுன்னு.

அவகிட்டப் பேசலையான்னா... என்னத்தப் பேசுறது? ஏழு வயசுப் பிள்ளைகிட்டப் போயி, நான் செஞ்சது தப்புன்னு சொல்லவா முடியும்? அதுக்கு என்ன புரியும்? விடுங்க, இன்னிக்கு ஒரு நாளு. பி.இ.ஓ. வருவாரு, புத்தகத்த நீட்டுவாரு, இவ வாசிச்சுருவா. வாசிப்பாளான்னு தெரியல, என் முன்னாடி ஒரு வார்த்தை வாசிச்சுக் காட்டல, காளீஸ்வரிதான் சொல்லுது, "நல்லா வாசிக்குது டீச்சர், நம்பி விடுங்க"ன்னு. வாசிச்சுட்டா எல்லாம் முடிஞ்சிரும். நாளைக்கே வேன்ல ஏத்தி விட்டுறலாம். கொஞ்ச நாள்ல தன்னால அம்மான்னு கூப்பிட்டுருவா. கூப்பிட மாட்டாளா?

அவரு மறுபடியும் யாரு பிள்ளைன்னு கேட்டா என்ன சொல்லுவேன்னா கேக்குறீங்க?

என்னக்கா நீங்க. நிம்மதியா வந்துக்கிட்டு இருந்தேன். புதுசாச் சேந்த பிள்ளைன்னு ஒரு தடவை சொல்லியாச்சு. இப்பப் போயி மாத்திச் சொன்னா, அந்தப் பிள்ளைங்க எல்லாம் என்ன நினைக்கும்? காளீஸ்வரி மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? அது எனக்காகப் பொய் சொன்ன பிள்ளைக்கா. அதுக்கு நான்தான் சரின்னு மார்க்குப் போட்டேன்.

ஆனா ஒண்ணு. நேத்து ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவரு கேட்டு, நான் திரும்பவும் புதுப் பிள்ளைன்னு சொல்லி, அவ திரும்பவும் என்னைய அப்படிப் பாத்தான்னா... அந்தப் பார்வை போதும்க்கா. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது.

இருங்க, இருங்க. அங்க பாருங்க அவள. ஜன்னல்ல எக்கி எக்கி எதையோ பாக்குறா. ரெண்டு விரலு தலைக்கு மேல போகுது பாருங்க! பாத்தீங்களா? வெளிய போர்டு வருது, அதைத்தான் வாசிக்கிறா. போஸ்டர ஒட்டிப் பாதிய மறைச்சு வச்சிருக்கானுங்க பாவிங்க. மறுபடியும் விரலு! தே... மே... ரெட்டைக் கொம்புக்கா, ரெண்டும் ரெட்டைக் கொம்பு! நான் சொல்லல, யாரும் சொல்லல, அவளா வாசிக்கிறாக்கா!

"டீச்சர்! தேரிமேடு விலக்கு! வாங்க, இறங்கணும்!"

கேட்டீங்களா? பஸ்ஸே திரும்பிப் பாக்குது. வாசிச்சுட்டா. என் பொண்ணு வாசிச்சுட்டா. கூடையக் கொஞ்சம் நகத்துங்கக்கா, நான் போகணும், அவ பாட்டுக்குப் படிக்கட்டுல போயி நிக்கிறா. மிது! நில்லும்மா, பஸ்ஸு நிக்கட்டும்! கொஞ்சம் வழி விடுங்கண்ணே. கண்டக்டர், விசில் ஊதிடாதீங்க, ஆளு இறங்கணும்!

என்ன கண்டக்டரண்ணே? ஆமா, நான்தான் டீச்சர். என் கூடத்தான் வந்துச்சு. தனியா விடலண்ணே, அதுவாத்தான் முன்னால வந்து உக்காந்துக்கிச்சு. கோவிச்சுக்காதீங்க. என்ன கேட்டீங்க? பிள்ளை விழுந்து கிழுந்து வச்சு, பெத்தவ வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவேன்னா?

நான்தாண்ணே.

நான்தான் பெத்தவ. ஆமா, டீச்சர்னுதான் கூப்பிடுவா. நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன், அவ மேல ஒண்ணும் தப்பில்ல. என் மக அவ. எல்லாரும் கேட்டுக்கோங்க, என் மக.

மிது, இங்க பாரு. அம்மா சொல்றது கேட்டுச்சாம்மா? வா, அம்மா கையப் பிடிச்சுக்கோ. பாத்து இறங்கு.

"சரிங்க டீச்சர்"ங்கிறாக்கா.